படத்தில் இடமில்லாதவன்

கடலின் மைந்தர்கள் நாங்கள். அலைகளே எங்கள் மேய்ச்சல் நிலம். எங்கள் நீரைச் சூறையாட வந்த அன்னியக் கப்பல்களை எதிர்த்து வெறுங்கையோடு எழுந்து நின்ற மக்கள் என்று உலக வரலாறு ஒருநாள் எங்கள் புர்-அத்தே ஊரைப் பற்றி எழுதத்தான் போகிறது.

இதைச் சொன்னவர் ஹிர்ஸி நபதூன். அவருக்கு நீந்தத் தெரியாது. ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. எங்கள் முன்னோர் ஒட்டகத்தோடு பிறந்து ஒட்டகத்தோடு செத்தவர்கள். கரைப் பக்கம் வரவேண்டியிருந்தால் காற்றுக்கு முகத்தை மூடிக்கொண்டு, வந்த வேலையை முடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மீன் தின்கிற வீட்டில் பெண் எடுப்பதில்லை, கொடுப்பதுமில்லை. அந்த வழக்கம் இன்றைக்கும் குறையவில்லை. மீன் தின்கிறவர்கள் ஊரின் தெற்குக் கோடியில் தகரக் கொட்டகைகளில் எங்களுக்கு முன்பிருந்தே இருக்கிறார்கள். கடலின் மைந்தர்கள் என்று யாரையாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் அவர்களைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவர்களை நாங்கள் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை.

நபதூன் என்றால் சமாதானத்தைத் தேடுகிறவர் என்று அர்த்தம். ஊர்ப் பெரியவருக்கு நாங்கள் கொடுக்கிற பட்டம் அது. ஹிர்ஸி அதை வெகுகாலமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

கப்பல் பிடிக்கிற தொழில் சூடாக நடந்த காலத்தில் எங்கள் ஊரிலிருந்தும் ஒரு படகு போனது. நபதூனின் மகன் ரோப்லே, சினிமாக் கூடம் வைத்திருந்த வர்ஸமேயின் மகன் பீலே, காவல் படைத் தலைவன் கர்ஷேயின் பிள்ளைகள் இரண்டு பேர். நால்வரிடமும் துப்பாக்கி இருந்தது. நால்வருக்கும் மோட்டாரை எந்தப் பக்கம் இழுத்தால் கிளம்பும் என்று தெரியாது. அதனால் தெற்குக் கோடியிலிருந்து முஹுபோவின் ஒரே மகன் ஸமதரும் எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தான். விடிகாலையில் ஐந்து பேர் கரைக்கு இறங்கியதைத் தண்ணீர் எடுக்கப் போன பெண்கள் பார்த்தார்கள். அதற்குப் பிறகு யாரும் எதையும் பார்க்கவில்லை. சில வாரம் கழித்து வானொலி சொன்னது: ஏதோ ஒரு நாட்டுப் போர்க்கப்பல் ஒரு சரக்குக் கப்பலை மீட்டுவிட்டது, கொள்ளையர்கள் கொல்லப்பட்டார்கள். எத்தனை பேர், எந்த ஊர், எவன் பிள்ளை என்பதெல்லாம் வானொலிக்கு வேண்டாத விஷயம்.

உடல் வரவில்லை. சாட்சியும் வரவில்லை. சாட்சி இல்லாத சாவுக்கு ஜனாஸா என்கிற இறுதித் தொழுகை கிடையாது என்று ஷேக் யாஸீன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கப்பல் பிடிப்பது பாவம் என்று வெள்ளிக்கிழமைதோறும் ஒலிபெருக்கியில் முழங்கியவர் அவர். அந்த ஒலிபெருக்கி யார் பணத்தில் வந்தது என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவரும் அதை ஒலிபெருக்கியில் சொன்னதில்லை.

அப்படியே சில வருஷம் போனது. பிறகு படம் வந்தது.

கால்காயோவிலிருந்து போதைக்கு மெல்லும் காத் இலை மூட்டைகளை ஏற்றிவரும் லாரிக்காரன், விரல் நீளத்துக்கு ஒரு பென்டிரைவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து வர்ஸமேயின் கையில் வைத்தான். "உங்க ஊர்க் கதையாம்டா. உலகமே பார்த்து அழுதுட்டிருக்கு. நீங்க மட்டும்தான் இன்னும் அழல."

வர்ஸமேயின் கூடம், வெளிநாட்டார் யாரோ மீனைப் பதப்படுத்த எங்களுக்குக் கட்டிக்கொடுத்த கட்டடம். ஐஸ் வரவில்லை, அதனால் சினிமா வந்தது. வாடை மட்டும் போகவில்லை. சுவரில் படுக்கை விரிப்பைக் கட்டி, பின்பக்கம் பெண்களுக்கு ஒரு மறைப்பைத் தொங்கவிட்டிருந்தார்கள். விரிப்புக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட டின் ஒன்றின்மேல் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஜிமாலே உட்காருவான். எந்த நாட்டுப் படமானாலும் அதை எங்கள் பேச்சில் சொல்லுகிறவன் அவன்தான். ஏடன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியபோது காதில் விழுந்த ஆங்கிலம் கொஞ்சம், படம் பார்த்தே கற்ற ஹிந்தி கொஞ்சம். மீதியை அவனே போட்டுக்கொள்வான். நாயகனுக்கும் அதே குரல், நாயகிக்கும் அதே குரல். பாத்திரங்களுக்கு எங்கள் ஊர்ப் பெயர்தான் வைப்பான், இல்லாவிட்டால் கூடத்துக்கு யார் யாரென்று பிடிபடாது. நாங்கள் அதற்குத்தான் போவோம்.

முதல் காட்சியில் நபதூன் முன்வரிசை நாற்காலியில், கைத்தடியை முழங்காலுக்கு நடுவே நிறுத்தி உட்கார்ந்திருந்தார். திரை கறுத்து வெள்ளை எழுத்து வந்தது.

"அல்லாஹ்மேல ஆணையா இது உண்மைக் கதைன்னு போட்டிருக்கான்," என்றான் ஜிமாலே.

கூடம் நிமிர்ந்தது.

கடற்கரை வந்தது. வரிசையாகத் தென்னை.

"தென்னை எங்கடா வந்துச்சு நம்ம கரையில?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"இருந்துச்சு. வெட்டிட்டாங்க," என்றார் நபதூன், திரும்பாமலே.

"எப்ப வெட்டினாங்க?"

"படம் எடுத்து முடிச்சப்புறம். வாயை மூடிட்டுப் பாரு."

படத்துக் கொள்ளையர்கள் எங்கள் மொழியையே பேசினார்கள். ஜிமாலே அதையும் மொழிபெயர்த்தான்.

"டேய் ஜிமாலே, அது நம்ம பேச்சுதானேடா! எதுக்குத் திரும்பச் சொல்ற?"

"இது அமெரிக்காவுல, பனியில வளர்ந்த பேச்சு. உனக்குப் புரிஞ்ச மாதிரி இருக்கும், புரியாது."

சர்க்கரை ஏற்றிய கப்பல். நரைத்த தாடியோடு ஒரு கேப்டன். கேப்டனுக்கு மனைவி, மகள், நாய் மூன்றும் இருந்தன. நாய்க்குக்கூடத் தனியாக ஒரு காட்சி இருந்தது. கொள்ளையர்கள் நாலு பேர். அவர்களுக்கு யாரும் இல்லை. ஒருவன் தலைவன், கழுத்தில் துணி சுற்றியவன், கேப்டனோடு கண்ணுக்குக் கண் பார்த்துப் பேசுகிறவன். இரண்டு பேர் கத்துவதற்கும் சுடுவதற்கும். நாலாமவன் சின்னவன், மற்றவர்களுக்குத் தெரியாமல் கேப்டனுக்குத் தண்ணீர் கொடுப்பான், கடைசியில் இயந்திர அறையில் உட்கார்ந்து அழுவான். சிப்பாய்கள் கயிற்றில் இறங்கினார்கள். நாலு பேரும் அந்த அறையிலேயே விழுந்தார்கள். கேப்டன் அழுதார். வயலின் வாசித்தார்கள்.

விளக்கு எரிந்தபோது நபதூனின் தாடி நனைந்திருந்தது. அதை நான் கேலி செய்ய மாட்டேன். கைத்தடியை ஊன்றி எழுந்தார். "கழுத்துல துணி கட்டியிருந்தது என் ரோப்லே," என்றார். "அப்படித்தான் நிப்பான். அப்படித்தான் நெஞ்சைக் காட்டிட்டு நிப்பான்."

அந்த நடிகன் ரோப்லேவைவிட ஒரு முழம் உயரம். அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கத்துகிற இரண்டு பேரையும் கர்ஷே எடுத்துக்கொண்டார். அதில் தகராறு எதுவுமில்லை, பிள்ளைகள் நிஜத்திலும் அப்படித்தான். மிச்சமிருந்தவன் அழுகிறவன்.

"அது என் பீலே இல்ல," என்றார் வர்ஸமே. "என் பையன் எதுக்குய்யா அழறான்? தலைவன்கூட கொஞ்சம் பீலே ஜாடையாத்தான் இருந்தான், கவனிச்சீங்களா?"

"கவனிக்கல," என்றார் நபதூன்.

மறுநாள் பெண்களுக்கென்று மதியக் காட்சி. முஹுபோவும் வந்தாள். கருவாட்டு வாடை என்று மற்றப் பெண்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள், அந்தக் கூடத்தில் அந்த வாடை யாரிடமிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது என்றாலும். முஹுபோ மறைப்பை விலக்கி, படம் முடியும்வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வெளியே வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அஞ்சாவது பையன் எப்ப வருவான்?"

"படம் அவ்வளவுதான்டி," என்றாள் ஒருத்தி.

வியாழக்கிழமை கூட்ட மரத்தடியில் ஊர் கூடியது. விவகாரம் இதுதான்: படம் சாட்சி ஆகுமா? ஆகுமென்றால் தொழுகை நடத்தலாம். அதோடு, செத்தவன் ஒவ்வொருவனுக்கும் எங்கள் வழக்கப்படி உயிருக்கு ஈடாக நூறு ஒட்டகம் கேட்டு, சுட்ட எதிர்த்தரப்புக்கு ஆள் அனுப்பலாம். எதிர்த்தரப்பு எந்தக் குலம், எந்த மரத்தடியில் கூடுவார்கள், அவர்களிடம் ஒட்டகம் இருக்கிறதா என்பதையெல்லாம் பிறகு விசாரித்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

"சாவுக்கு ரெண்டு ஆம்பள சாட்சி வேணும். முஸ்லிமா இருக்கணும்," என்றார் ஷேக்.

"நாலு பேர் இருக்காங்களே," என்றார் நபதூன். "நடிச்ச நாலு பசங்களும் நம்ம பசங்க. நாலு பேரும் முஸ்லிம். நாலு பேரும் செத்துக் காட்டிட்டாங்க. இதுக்கு மேல ஒரு சாட்சி என்ன செய்யணும்?"

"நடிக்கிறவன் சாட்சி ஆவானா?"

"இந்த மரத்தடியில இதுவரைக்கும் சாட்சி சொன்னவன்ல நடிக்காதவன் யாரு, சொல்லுங்க."

ஷேக் தாடியைத் தடவினார்.

"இன்னொண்ணு," என்றார் நபதூன், "இந்த மரத்தடியில கேட்காம எவனாவது சத்தியம் பண்ணியிருக்கானா? அந்தப் படம் பண்ணியிருக்கு. முதல் எழுத்தே அல்லாஹ்மேல ஆணை. ஊரே கேட்டுச்சு."

கூட்டத்தின் ஓரத்தில் ஜிமாலே கையைத் தூக்கினான். "சித்தப்பா, அந்த ஆணை... படத்துல இல்ல. நானாத்தான் சேர்த்தேன். ஒரு எடுப்பா இருக்கட்டுமேன்னு."

ஷேக் அவனைப் பார்த்தார். "நீ முஸ்லிமா?"

"ஆமா ஷேக்."

"அப்ப நீயே ஆணையிட்டிருக்க. சாட்சி இன்னும் பலமாச்சு."

இப்படியாகப் படம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. நாலு பேரும் செத்தவர்கள் என்று தீர்ப்பு. கூட்டம் கலையப் போகிற நேரத்தில் முஹுபோ எழுந்தாள். மரத்தடியில் பெண்கள் பேசுவதில்லை. தெற்குக் கோடிக்காரர்கள் ஆணானாலும் பேசுவதில்லை. அவள் இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

"என் பையன்?"

"படத்துல நாலு பேர்தான்மா," என்றார் நபதூன்.

"கரைக்கு அஞ்சு பேர் போனாங்க. பார்த்தவங்க இங்கயே நிக்கிறாங்க."

"கரைக்குப் போனதைத்தான் பார்த்தாங்க. படகுல ஏறினதை எந்தப் பொம்பளையும் பார்க்கல. அதைப் பார்த்தது படம் மட்டும்தான். அதுல நாலு பேர்."

முஹுபோ ஓரடி முன்னால் வந்தாள். கடையில் விலை கேட்கிறவள் போலத் தணிந்த குரலில் சொன்னாள்: "அந்த அழற பையனை எனக்குக் குடுங்களேன். வர்ஸமே அண்ணன்தான் வேணாம்னு சொல்றாரே."

வர்ஸமே துள்ளி எழுந்தார். "யாரு வேணாம்னது? அது என் பீலே!"

"என் பையன் அழமாட்டான்னு நேத்து வரைக்கும் சொன்னீங்களே."

"யாரு அழுதா? இயந்திர அறையில புகை. கண்ணுல புகை பட்டா உனக்குத் தண்ணி வராதா? மீன் சுடறவளுக்கு இதுகூடத் தெரியாதா?"

சிரிப்பு எழுந்தது. நபதூன் கைத்தடியைத் தட்டினார். "படம் என்ன ஆட்டுச் சந்தையா, உனக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணுன்னு பிரிக்க? தீர்ப்புக் கேளு. படம் சத்தியம். படத்துல ஸமதர் இல்ல. அதனால ஸமதர் படகுல போகல. போகாதவன் சாகல. எங்கயோ ஏமன்லயோ எங்கயோ உயிரோட இருக்கான். எங்க பசங்க செத்துட்டாங்க, உன் பையன் இருக்கான். சந்தோஷமாப் போம்மா."

"உயிரோட இருந்தா எனக்கு ஒரு போன் பண்ணமாட்டானா நபதூன்? வலை ஒரு கண்ணி அறுந்தாக்கூட எனக்கு வந்து சொல்ற பையன் அவன்."

"பசங்க அப்படித்தான்."

"சரி," என்றாள். "நீங்க சொன்னா அப்படித்தான் இருக்கும். நான் கேக்கிறது ஒண்ணுதான். நான் அழலாமா, அழக் கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க."

நபதூன் ஷேக்கைப் பார்த்தார். ஷேக் நிலத்தைப் பார்த்தார். "உயிரோட இருக்கிறவனுக்கு ஒப்பாரி வைக்கிறது ஆகாது," என்றார் ஷேக்.

வெள்ளிக்கிழமை நாலு பேருக்கும் தொழுகை நடந்தது. நபதூன் ஒட்டகம் அறுத்தார். கறியை வீடு வீடாக அனுப்பினார்கள், தெற்குக் கோடிக்கும்கூட, பெருந்தன்மைக்குக் குறைவில்லை. முஹுபோவின் பங்கு ஒரு தட்டில் வைத்து வாசலில் கொடுக்கப்பட்டது. அவள் வாங்கிக்கொண்டாள். செத்துப்போன ரோப்லேவுக்காக, வழக்கப்படி, நல்ல வார்த்தை நாலு சொன்னாள். கறியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

படம் திரும்பத் திரும்ப ஓடியது. தன் பிள்ளை சாவதைப் பார்க்க மற்றவர்களிடம் டிக்கெட் வாங்குவதில் வர்ஸமேவுக்குச் சங்கடம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. நபதூன் மட்டும் இலவசமாக, தினமும், முன்வரிசை.

ஒரு காலை ஜிமாலே கூடத்து வாசலில் மைக்கின் ஒயரைப் பல்லால் கடித்துச் சரிசெய்துகொண்டிருந்தான். முஹுபோ கருவாட்டுப் பொட்டலம் ஒன்றை அவன் பக்கத்தில் வைத்தாள். நானும் அங்கே டீயோடு உட்கார்ந்திருந்தேன்.

"என்ன அத்தை இது?"

"சாப்பிடு. யாருக்கும் தெரியாம சாப்பிடு, உனக்குப் பொண்ணு குடுக்கமாட்டாங்க."

"இப்ப மட்டும் வரிசையில நிக்கிறாங்களா?"

அவள் உட்கார்ந்தாள். "நீதானேப்பா ஒவ்வொருத்தனுக்கும் பேர் சொல்ற. ரோப்லே வர்றான், பீலே அழறான்னு. இன்னும் ஒருத்தன் பேரையும் சொல்லிடேன்."

"படத்துல இல்லாதவனை எப்படி அத்தை சொல்ல?"

"அந்த ஹிந்திப் படத்துல செத்துப்போன அண்ணனைக் கடைசியில உயிரோட இருக்கான்னு சொன்னியே. அவன் படத்துல இருந்தானா?"

"அது... ஜனங்க ரொம்ப அழுதாங்க. பாவமா இருந்துச்சு."

"நானும்தான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். "இல்ல. நான் அழல. விடமாட்டேங்கறாங்க."

ஜிமாலே ஒயரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

அன்று மாலைக் காட்சிக்குக் கூட்டம் அதிகம். படகு தென்னைகளை விட்டு விலகியது. ஜிமாலே வழக்கமாக எல்லோர் பெயரையும் சொல்லும் இடம். சொன்னான். பிறகு நிறுத்தாமல் தொடர்ந்தான்:

"மோட்டாரைப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருக்கிறது ஸமதர். முஹுபோ மகன். அவன் முகம் உங்களுக்குத் தெரியாது. ஏன்னா அவன் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கான். நீங்க பார்க்கிற இந்தக் கடல், இந்த நாலு பேரு, அந்தக் கப்பல், எல்லாம் அவன் கண்ணால பார்க்கிறது."

யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. நபதூனின் கைத்தடி ஒருமுறை தரையில் தட்டியது. ஜிமாலே விடவில்லை. கப்பலின் பக்கவாட்டில் கேமரா ஏறியபோது, "ஸமதர் ஏறுறான், கயிறு கையை அறுக்குது," என்றான். கேப்டனின் முகத்துக்கு அருகே போனபோது, "ஸமதர் அவரையே பார்க்கிறான், இவருக்கும் வீட்டுல யாராவது இருப்பாங்கன்னு நினைக்கிறான்," என்றான். அந்தப் படத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருந்தேன். அன்றைக்குத்தான் அதில் யாரோ இருந்தார்கள்.

இயந்திர அறை வந்தது. சிப்பாய்கள் வந்தார்கள். நாலு பேரும் விழுந்தார்கள். திரை இருண்டது.

"இருட்டாயிடுச்சு பாருங்க," என்றான் ஜிமாலே. "அவன் கண்ணு மூடிடுச்சு."

"ஜிமாலே! மைக்கைக் கீழ வைடா!" நபதூன் எழுந்து நின்றார். "சத்தியம் பண்ணின படத்துக்கு எதிரா பொய்ச் சாட்சி சொல்றியா?"

அதற்குள் மறைப்புக்குப் பின்னாலிருந்து முஹுபோ எழுந்து நேரே திரைக்குப் போனாள். "உட்காரும்மா!", "மறைக்குது!" என்று குரல்கள். மறைப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. கறுப்புத் திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. வெள்ளை எழுத்துகள் அவள் முகத்தின்மேல், முக்காட்டின்மேல், கைகளின்மேல் ஏறிப் போயின. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"இது யார் பேருப்பா?" என்று கையில் ஓடிய ஒன்றைக் காட்டிக் கேட்டாள்.

"அது... சாப்பாடு சமைச்சவன் அத்தை," என்றான் ஜிமாலே, மைக் இல்லாமல்.

"இது?"

"முடி வெட்டினவன்."

"இவ்வளவு பேர் இருக்காங்களே," என்றாள் முஹுபோ. "கூடவே ஒருத்தன். ஓரமா. நல்லாப் பாருப்பா, எங்கயாவது இருப்பான்."

ஜிமாலே நல்லாத்தான் பார்த்தான். பெயர்கள் முடியவில்லை. வர்ஸமே ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார். டீசல் வீணாகிறது என்றார்.

பொய்ச் சாட்சிக்காக ஜிமாலேவுக்கு ஓர் ஆடு அபராதம். அவனிடம் ஆடு இல்லாததால் மைக்கைப் பறித்தார்கள். கொஞ்ச நாள் படங்கள் ஊமையாக ஓடின. பிறகு யாரும் போகவில்லை.

முஹுபோ வலை பின்னினாள், கருவாடு காயவைத்தாள். தெருவில் எதிர்ப்பட்டால் பெண்கள், "பையன் போன் பண்ணினானா?" என்று சிரித்த முகமாகக் கேட்டார்கள், உயிரோடு இருக்கிறவனைப் பற்றி அப்படித்தானே கேட்க வேண்டும். "இன்னும் இல்ல," என்பாள். நபதூனின் வீட்டுப் பெண்கள் துக்க உடை கழற்றி வெகுநாள் ஆகிவிட்டது. அவளுக்கு உடுத்தவே கிடைக்கவில்லை.

மழை பெய்து ஓய்ந்த ஒரு நண்பகலில் காத் லாரி வந்து நின்றது. மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒருவன் இறங்கினான். தலைமுடிக்கு மருதாணிச் சிவப்பு, கையில் பிளாஸ்டிக் பை, கொஞ்சம் தொப்பை. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் பிஸ்மில்லாஹ் சொன்னார்கள்.

"ரோப்லே!" என்றார் வர்ஸமே. "நீ செத்துட்டியேடா!"

"யார் சொன்னா?"

"படம் சொல்லுச்சு. ஒட்டகம் அறுத்துச் சாப்பிட்டாச்சு!"

"என் ஒட்டகமா?"

"உன் பேர்ல உங்கப்பா அறுத்தது. நல்ல ஒட்டகம்."

நபதூன் ஓடி வந்தார். அவர் ஓடி நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. மகனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தடவினார், மூக்கைத் தொட்டார், காதைத் தொட்டார். அழுதார். படத்தில் அழுததைவிட அசிங்கமாக, சத்தமாக அழுதார். பிறகு சுற்றிலும் ஊர் நிற்பது அவருக்குத் தெரிந்தது. முகம் மாறியது. "உள்ள வா," என்றார். "சீக்கிரம் உள்ள வா."

அதற்குள் ஜிமாலே முன்னால் வந்துவிட்டான். "படகுல யாரெல்லாம் போனது ரோப்லே? அதைச் சொல்லிட்டுப் போ."

"எல்லாத்தையும் மரத்தடியில பேசுவோம்," என்றார் நபதூன்.

ரோப்லே நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "பீலே. கர்ஷே மாமா பசங்க ரெண்டு பேரு. ஸமதர். நான் ஏறல. ஸமதர் எண்ணெய் வெச்சு மோட்டாரைக் கிளப்பிக் குடுத்துட்டுத் திரும்பிப் போகத்தான் வந்தான். அவனும் வரமாட்டேன்னுதான் சொன்னான், அம்மா தனியா இருக்கும்னான். நான் வர்ற வரைக்கும் மோட்டாரைப் பிடிச்சுக்கோன்னு சொல்லி உட்கார வெச்சாங்க. அவ்வளவுதான். போயிட்டாங்க."

"இத்தனை வருஷம் எங்கடா இருந்த? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது? படகு போன அன்னைக்கே அப்பா போன்ல ஊர் முழுக்க என்னைச் சிங்கம்னு சொல்லிட்டிருந்தார். ஏமனுக்குப் போயிட்டேன். இப்ப அங்க இருக்க முடியல."

மரத்தடியில் கூட்டம் சீக்கிரமே முடிந்தது. நபதூன் முதுகை நிமிர்த்திச் சொன்னார்: "படம் பொய் சொல்லல. நாலுன்னுச்சு, நாலுதான். நாமதான் தப்பா வாசிச்சிட்டோம்." படத்தின் நேர்மையைப் பற்றி எல்லோரும் தலையாட்டினார்கள். படத்துத் தலைவனின் முகம் காலியானது. மாலைக்குள் வர்ஸமே அதைப் பீலேவுக்கு எடுத்துக்கொண்டார்.

முஹுபோவிடம் சொல்லப் போனது ஜிமாலே. அவள் கேட்டுவிட்டு, கையிலிருந்த வலையை ஒழுங்காக மடித்து வைத்தாள். "அப்ப அழலாமா?" என்றாள். அவன் தலையசைத்தான். அன்றைக்குச் சூரியன் சாயும்வரை தெற்குக் கோடியிலிருந்து அந்தச் சத்தம் ஊருக்குள் வந்துகொண்டே இருந்தது. நிறுத்தச் சொல்ல யாரும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை ஸமதருக்குத் தொழுகை. முதல் வரிசையில் நபதூன், பக்கத்தில் ரோப்லே. தொழுகை முடிந்து ஷேக் ஒலிபெருக்கியில் பேசினார்: கரையைக் காக்க ஒருவன் பின்தங்கினான், கடலுக்கு ஒருவன் முன்சென்றான், இரண்டும் இறைவன் எழுதியது.

பள்ளிவாசலுக்கு வெளியே முஹுபோ காத்திருந்தாள். ரோப்லே வந்ததும் அவன் முன்னால் போய் நின்றாள். கோபம் எதுவும் இல்லை.

"நீ எதுக்குப்பா ஏறல?"

ரோப்லே வாயைத் திறந்தான். "விதிம்மா," என்றார் நபதூன், அவனை முந்திக்கொண்டு. "விதியை யாரு கேக்க முடியும்?" மகனின் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார்.

அவள் மறுபடி கேட்கவில்லை. அந்தக் காரணத்தை ரோப்லே பிறகு ஜிமாலேயிடம் சொன்னான், ஜிமாலே என்னிடம் சொன்னான். முஹுபோவிடம் சொல்ல எங்கள் இருவராலும் முடியவில்லை. படகில் ஏறப் போன நேரத்தில் ரோப்லே பாறைக்குப் பின்னால் ஓடினான். திரும்பி வந்தான், மறுபடி ஓடினான். மூன்றாம் தடவை வந்து பார்த்தபோது, அலை தோதாக இருக்கிறதென்று படகு போயிருந்தது.

அவனுக்கு வயிற்றுப்போக்கு.